வெந்துபோன காளான்

"எங்காத்துக் காளானை அவர் கொன்னுட்டார், மாமி."

மாதுங்கா பஸ் க்யூவில் இது காதில் விழுந்தது. நேற்றுதான் காய்ச்சல் விட்ட மகளின் கையை இறுகப் பிடித்திருந்தேன். முன்னால் இரண்டு மாமிகள்.

"ஐயோ, எப்படி?"

"சர்க்கரை போட்ட டீயை ஆறவைக்காம ஜாடியில கொட்டிட்டார். டீயைப் புளிக்க வைக்கறதுக்குன்னு அதுல மிதந்துண்டிருந்த காளான் வெந்தே போயிடுத்து. தினம் அந்தப் புளிச்ச டீ ஒரு டம்ளர் குடிச்சாத்தான் வயிறு சரியா இருக்கும்னு, ரெண்டு நாளா அவர் சாதத்தைத் தொடலை."

"எங்காத்துல இருக்கறது உங்க காளான்லேர்ந்து நீங்க பிரிச்சுக் குடுத்த குட்டிதானே? கேக்கப்படாதோ?"

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கறதாவது!"

"நன்னாருக்கு! பொண்ணு பொறந்தாத்துக்கு வர நாள் பார்க்கணுமா? சாயங்காலம் ஜாடியோட வாங்கோ. மாமாவை மட்டும் சமையலுள் பக்கம் விடாதேங்கோ."

என் மகள் களுக்கென்று சிரித்தாள். நான்கு நாளில் அதுதான் முதல் சிரிப்பு.