போட்டோவுல மாமனாரு முறைக்கிறாரு

இந்த மொச்சையை நேத்தே ஊறப் போட்டேன்கா, இன்னும் தோலு வழுக்கிக்கிட்டு வர மாட்டேங்குது. இப்பிடிப் புடிச்சுப் பிதுக்கினா பருப்பு தனியா வந்து விழணும், விழுதா பாருங்க... அது கெடக்கட்டும். எதுல விட்டேன்? ஆங், வேலைக்குப் போகக் கூடாதாம். யாரு சொன்னதுன்னு கேளுங்க. எங்க மாமியாரு இல்ல. அவங்க, "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, நீ போனாலும் சரி, இருந்தாலும் சரி"ன்றாங்க. வேணாம்னு சொன்னது எங்க மாமனாரு. நான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வர்றதுக்கு எத்தனையோ வருஷம் முன்னாடியே செத்துப் போன மனுஷன்கா அவரு.

சிரிக்காதீங்க. நெசமாத்தான். ஹால்ல மாட்டியிருக்கே ஒரு போட்டோ, நீங்க பால் காய்ச்சின அன்னிக்கு சர்க்கரை வாங்க வந்தப்போ பாத்திருப்பீங்க. பாத்துட்டு லேசாப் பின்னாடி நவுந்தீங்க, நான் கவனிச்சேன். அதுதான் அவரு. துளசிங்கம்னு பேரு. பேரைச் சொல்லலாமோ கூடாதோ, சொல்லிட்டேன். அந்த போட்டோ முன்னாடி போயி நின்னுக்கிட்டு எங்க மாமியாரு கேக்கறாங்க, "இன்னாங்க, மருமவ வேலைக்குப் போவணும்ன்றா, அனுப்பட்டுமா வேணாவா?"ன்னு. கொஞ்ச நேரம் பாத்தாங்க. "மொறைக்கிறாரும்மா, வேணாம்"னுட்டு காபி குடிக்கப் போயிட்டாங்க. அவ்ளோதான், முடிஞ்சு போச்சு. மேல யார்கிட்ட போயி நியாயம் கேக்கறது?

வேலைன்னா பெரிசா ஒண்ணும் இல்லக்கா. தாம்பரம் மார்க்கெட்டுக்குள்ள சவுரிமுத்து அண்ணன் ஸ்டுடியோ வெச்சிருக்காரு. அவரு சம்சாரம் செல்வமேரி அக்காதான் கூப்பிட்டாங்க. பாஸ்போர்ட் போட்டோவை ஓரம் கோணாம வெட்டணும், கவர்ல போட்டுக் குடுக்கணும், யாராச்சும் வந்தா உக்காருங்கன்னு சொல்லணும். பாப்பாவை பால்வாடில விட்டுட்டுப் போனா மத்தியானத்துக்கு வந்துடலாம். நான் அஞ்சாவதோட நின்னவ. என்னை இதுவரைக்கும் எவங்களாச்சும் ஒரு வேலைக்கு "நீ வா"ன்னு கூப்பிட்டிருப்பாங்கன்றீங்க? தண்ணி வந்துருச்சு வான்னு கூப்பிடுவாங்க. நாளைக்குள்ள சொல்லிடணுமாம். பொத்தேரிலேர்ந்து ஒரு பொண்ணு கேட்டுக்கிட்டே இருக்காம்.

அந்த ஸ்டுடியோதான் எல்லாத்துக்கும் காரணம், கேளுங்க.

எங்க மாமனாருக்கு இருந்ததே ஒரே ஒரு போட்டோ. பல்லாவரத்துல ஏதோ கல்யாணத்துல எடுத்தது. அதுலயும் லைட்டு பளிச்சுன்னதும் கண்ண மூடிட்டாரு. வேற எடுக்கறதுக்குள்ள மனுஷனும் போயிட்டாரு. வர்றவங்க எல்லாம், "செத்தப்புறம் எடுத்ததா?"ன்னு கேப்பாங்க. எங்க மாமியாருக்கு அது ஒரு தீராத கொறை. "என் வூட்டுக்காரு தூங்கிக்கினே மாலை போட்டுக்கறாரு"ன்னு சொல்லுவாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுவாங்க, ஆனா சிரிப்பு இல்ல அது.

அதுவும் போன மழைல போச்சு. இங்க முடிச்சூர்ப் பக்கம் ஆத்துத் தண்ணி உள்ள வந்துருச்சு இல்ல, நீங்க அப்போ இந்தப் பக்கம் இல்லியே, அரிசி டின்னு மெதந்து போச்சு. ஆளுக்கு ஒண்ணைத் தூக்கிக்கிட்டு ஓடினோம். போட்டோவை எடுக்க யாருக்கும் தோணல. தண்ணி வடிஞ்சு பாத்தா கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு, பாதிக் கன்னம் இல்ல, ஒரு காது இல்ல, மேலெல்லாம் பூஞ்சைக்காளான். எங்க மாமியாரு மூணு வேளை சாப்பிடலக்கா. டின்னு போனதுக்கெல்லாம் அழாதவங்க.

அப்பத்தான் சவுரிமுத்து அண்ணன் கம்ப்யூட்டர் வாங்கியிருக்காருன்னு சொன்னாங்க. எங்க வீட்டுக்காரருக்கு எங்க நேரம்? ஷிப்ட்டு. நான்தான் பாப்பாவை இடுப்புல வெச்சுக்கிட்டுப் போனேன். அந்த ரூமுக்குள்ள செருப்பு போட்டுக்கிட்டுப் போகக் கூடாது, ஏசி வேற, பாப்பாவுக்குத் தும்மலு. போட்டோவை ஒரு மூடிபோட்ட பெட்டில வெச்சாரு, அது அப்படியே டிவில வந்துருச்சு. கையில சோப்புக் கட்டியாட்டம் ஒண்ணு, அதை நவுத்தி நவுத்தியே காளானைத் தொடைக்கிறாரு. இந்தக் கன்னத்துலேர்ந்து கொஞ்சம் தோலை எடுத்து அந்தக் கன்னத்துல பூசறாரு. காதுக்கு என்னா பண்ணாரு தெரியுமா? இருக்கிற காதையே திருப்பிப் போட்டு இந்தப் பக்கம் ஒட்டிட்டாரு. எனக்கு வாயில ஈ போனாலும் தெரியாது, அப்படிப் பாத்துக்கிட்டு நிக்கறேன். நடுவுல ஒரு மச்சத்தை அழுக்குன்னு நெனச்சுத் தொடைச்சுட்டாரு. "அண்ணே, அது மச்சம்"னேன். தெனம் கண்ணாடியத் தொடைக்கிறவ நான்தானே, எனக்குத் தெரியாதா. அதுலதான் செல்வமேரி அக்காவுக்கு என்னைப் புடிச்சுப் போச்சு.

எல்லாம் பண்ணிட்டு, "கண்ணை என்னாம்மா பண்றது, மூடியே வுட்டுடவா?"ன்னாரு. எனக்கு எங்க மாமியாரு மூஞ்சி ஞாபகம் வந்துச்சு. "தொறந்துடுங்கண்ணே"ன்னுட்டேன். தொறக்கணும்னா கண்ணு வேணுமே. வீட்ல யாராவது ஒருத்தரு நேராப் பாக்கற போட்டோ கொண்டான்னாரு. எங்க வீட்டுக்காரரு எந்த போட்டோவுலயும் கூலிங்கிளாஸ் இல்லாம நின்னதில்ல. கல்யாண போட்டோவுல கூட கழட்டலன்னா பாத்துக்கோங்க. மறுபடி ஒரு நாளு, மறுபடி பஸ்ஸு, பாப்பா வேற சிணுங்கறா. அண்ணன் என்னைப் பாத்தாரு. நான் அவரைப் பாக்கல, தரையப் பாத்தேன். "நீங்களே உக்காருங்கம்மா, எல்லாம் ஒரே குடும்பம்தானே"ன்னுட்டு ஸ்டூலைப் போட்டாரு.

ஆமாங்கா. அதேதான். அந்தக் கண்ணு என்னுது.

சத்தம் போடாதீங்க, உள்ள இருக்காங்க. நான் கண்ண நேரா வெச்சு போட்டோ எடுத்ததே கெடையாது. அண்ணன், "நல்லாத் தொறங்க, இன்னும், இன்னும், பாவம் பெரியவரு எவ்ளோ வருஷமா மூடிக்கிட்டிருந்தாரு"ன்றாரு. இந்தப் பக்கம் பாப்பா என் கம்மலைப் புடிச்சு இழுக்கறா. தொறந்தேன். அந்த முறைப்புதான் இது. அப்புறம் மையை அழிச்சாரு, புருவத்துல மயிரைத் தடிமனா ஒட்டினாரு, ஓரத்துல சுருக்கம் வெச்சாரு. கடைசியாப் பாத்தா ஒரு பெரிய மனுஷன் என்னையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காரு. எனக்கே மாராப்பை இழுத்து விட்டுக்கத் தோணுச்சு.

வீட்டுக்குக் கொண்டாந்து காட்டினதும் எங்க மாமியாரு வாங்கி மடியில வெச்சுக்கிட்டாங்க. கன்னத்தைத் தடவினாங்க. "இப்பிடித்தான் பாப்பாரு"ன்னாங்க. என்னத்தைச் சொல்றது? ஆணி அடிச்சு மாட்டிட்டேன். அன்னிலேர்ந்து அவருகிட்டதான் பேச்சு. வெத்தலை போட்டாலும் காட்டிட்டுத்தான் போடறாங்க. என்னைப் பத்தி கோள் சொல்றதும் அவருகிட்டதான். "உங்க மருமவ ரசத்துக்குப் பெருங்காயமே போடறதில்ல, பாத்துக்கினு சும்மா இருக்கீங்களே"ன்னு என் கண்ணுகிட்டயே என்னை... கேட்டுக்கிட்டு நிக்கணும் நான். பல்லாவரத்துலேர்ந்து நாத்தனாரு வந்தாங்க, கங்கையம்மா. பாப்பாவைத் தூக்கிப் பாத்துட்டு, "அப்பா கண்ணு அப்படியே பேத்திக்கு வந்துருச்சு"ன்னு திருஷ்டி கழிச்சாங்க. எங்க வீட்டுக்காரரு ஹால்ல பீடி பிடிக்கறதையே நிறுத்திட்டாரு. அப்பா உயிரோட இருந்தப்போ கூட பயந்ததில்லையாம், இப்போ அவரு பாக்கறாருன்னு தெருவுக்கு எழுந்து போயிடறாரு. அது ஒண்ணுதான் எனக்கு லாபம்.

ஆனா இப்போ பாருங்க. என் கண்ணே என்னை வேணாம்னு சொல்லுது. இந்தக் கொடுமைய யார்கிட்ட சொல்றது? சவுரிமுத்து அண்ணன்கிட்ட கேட்டேன், லேசா ஒரு சிரிப்பு வெச்சுக் குடுங்கண்ணேன்னு. செல்வமேரி அக்கா தலையில அடிச்சுக்கிட்டாங்க. "நேத்து முறைச்ச மனுஷன் இன்னிக்குச் சிரிச்சா தெருவே தேங்கா கற்பூரத்தோட வந்து நிக்கும், எங்க கடை வாசல்லயும் க்யூ நிக்கும், பேசாம போ"ன்றாங்க.

எங்க வீட்டுக்காரரு, "நீ தலையத் தொங்கப் போட்டுக்கினு முணுமுணுன்னு கேட்டா எங்கம்மா போட்டோவைத்தான் கேக்கும். நிமிந்து மூஞ்சியப் பாத்துக் கேளு"ன்றாரு. அவருக்கு என்னா, சொல்லிட்டாரு. கல்யாணம் ஆகி வந்ததுலேர்ந்து நான் எங்க மாமியாரை நிமிந்து பாத்ததே இல்லக்கா. பயம்னு இல்ல, கூச்சம். உங்களைக் கூட பாக்கல பாருங்க, மொச்சையப் பாத்துத்தானே பேசிக்கிட்டிருக்கேன். அதனாலதான் இவ்ளோ நாளா அவங்களுக்குத் தெரியவே இல்ல. நிமிந்து கண்ணைத் தொறந்து கேட்டேன்னு வைங்க, சட்டியில இருக்கிறது அகப்பையில வந்த மாதிரி எல்லாம் தெரிஞ்சுடும். எனக்குத் திட்டு விழும், விழட்டும். அவங்களுக்குத் திரும்ப அவரு கண்ண மூடிடுவாரே. வெத்தலையை யாருகிட்ட காட்டுவாங்க?

கேக்காமயே விட்டுடலாம்னாலும் மனசு கேக்கல. அந்த போட்டோ வெட்டற கத்திரியை ஒரு தரம் செல்வமேரி அக்கா என் கையில குடுத்தாங்க. நேரா வெட்டினேன். "பாரு, கோணவே இல்ல"ன்னாங்க.

அதான் ஒரு யோசனை வெச்சிருக்கேன். நிமிந்துதான் கேக்கப் போறேன், ஆனா கண்ணை இடுக்கிக்கிட்டு, வெயில்ல நிக்கற மாதிரி. தோ, இப்பிடி. எப்பிடி இருக்கு? தூக்கம் வர்ற மாதிரி இருக்கா... இன்னும் கொஞ்சம் தொறக்கவா? இப்போ? நல்லாப் பாத்துச் சொல்லுங்க, இது எனக்கு வாழ்வு சாவு மாதிரி... என்னாக்கா, எனக்குப் பின்னாடி எங்க பாக்கறீங்க?

அத்தை. தோ வந்துட்டேன் அத்தை, உள்ளதான் வந்துக்கிட்டிருக்கேன், பருப்பு ஆயிடுச்சு. இல்ல அத்தை, யாரையும் ஒண்ணும் சொல்லல, பக்கத்து வீட்டு அக்காகிட்ட சும்மா... எப்பத்திலேர்ந்து நிக்கறீங்க? ஐயோ, என் மோவாயை எதுக்குத் தூக்கறீங்க, கையெல்லாம் மொச்சைத் தோலு... ஏன் அத்தை உள்ள போட்டோவை ஒரு தரம், என்னை ஒரு தரம் பாக்கறீங்க... திட்டறதுன்னா திட்டிடுங்க... என்னா அத்தை? யாரைக் கேக்கறீங்க? "சொல்லுங்க, அனுப்பட்டுமா"ன்னு என்னைப் போயி... அத்தை, அவரைக் கேக்கறீங்களா, என்னைக் கேக்கறீங்களா? என்னைன்னா நான் வந்து, நான்...