பன்னிரண்டாம் சீட்டின் சிவப்பு வரிகள்

இரவு பதினொன்று இருபது. ஊரைத் தாண்டிய புறவழிச் சாலை. கடைசித் தெருவிளக்கும் பின்னால் போய்விட்டது. ஆபீஸ் ஜீப்பின் பின் சீட்டில் ஒரே ஓர் ஆள்… என் நண்பனின் சின்ன அத்தை.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். சத்தம் போட்டுச் சொல்கிற விஷயம் இல்லை இது.

அத்தைக்குக் கம்ப்யூட்டர் வேலை. கல்யாணமான புதிதில், "சர்வர் பார்த்துக்கிற வேலை" என்று மாமனாரிடம் சொல்லியிருக்கிறார். அவர் ரொம்ப அக்கறையாக, "எந்த ஹோட்டல்லம்மா?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து குடும்பத்தில் அவர் சர்வர் அத்தை.

மூன்று நாளாகத் தூக்கம் இல்லை. மகளுக்குக் காய்ச்சல். ஜீப்பில் போகும்போதே கணவரின் போன்.

"தெர்மாமீட்டர் எங்க வச்சே?"

"கண்ணாடி அலமாரி, ரெண்டாவது தட்டு. நான் வர விடிஞ்சிடும்."

"நீ என்னைக்கு விடியாம வந்திருக்கே?"

அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. அலுப்புதான். அத்தை போனை மடியில் போட்டுக் கண்ணை மூடினார். செங்கல் சூளை வளைவு வந்தது… வெந்த மண் வாசனை. ஆளே இல்லாத சாலையில் டிரைவர் நீளமாக ஹார்ன் அடித்தார்.

"யாருக்கு?" என்றார் அத்தை.

"பழக்கம் மேடம்."

போய்ச் சேர்ந்த இடம் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறை. தனிக் கட்டடம். உள்ளே பன்னிரண்டு சீட். உதவி கேட்டு போன் வந்தால், சீட்டில் இருப்பவர் இடத்தையும் ஆள் கணக்கையும் கேட்டுத் தன் கம்ப்யூட்டரில் தட்டுவார். அந்தச் செய்தி, ஜாவா மொழியில் எழுதி சர்வரில் ஓடும் 'சர்வீஸ்' என்ற புரோகிராமுக்குப் போகும். சர்வீஸ், அந்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வண்டியைப் பார்த்து அனுப்பும். அன்று மாலை ஆறு மணிக்கு அந்த சர்வீஸின் புதுப் பதிப்பை ஏற்றியிருந்தார்கள். பழையது, ஒத்துவராத செய்திகளைச் சத்தமில்லாமல் ஒரு கோப்பில் தள்ளிவிடும். யாரும் அதைத் திறந்ததில்லை. புதியது அப்படியில்லை. சுவரில் இருக்கும் பெரிய திரையில் சிவப்பு வரியாகக் காட்டிக் கொடுத்துவிடும்.

ஆறு மணியிலிருந்து மூன்று சிவப்பு வரிகள். மூன்றும் பன்னிரண்டாம் சீட்டிலிருந்து.

மேனேஜர் போனில் சொன்னது இவ்வளவுதான். "காலைல மேலிடத்துலேர்ந்து பார்க்க வர்றாங்க. திரையில செவப்பு இருக்கக் கூடாது. எப்படியாவது பண்ணுங்க."

சர்வீஸ் தன் ஒவ்வொரு வேலையையும் எழுதிவைக்கும் லாக் பதிவை அத்தை திறந்தார். ஒவ்வொரு பிழைக்கும் நாற்பது வரிப் புலம்பல். அதில் உருப்படியான வரி ஒன்றுதான்… செய்தியின் நேரம் பொருந்தவில்லை. கடிதத்தில் தபால் முத்திரை மாதிரி, ஒவ்வொரு செய்தியிலும் அது எழுதப்பட்ட நேரம் இருக்கும். ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சர்வீஸ் ஏற்காது. எட்டு பதினான்குக்கு வந்த செய்தியில் எட்டு ஐம்பத்துமூன்று என்று இருந்தது. பத்து இரண்டுக்கு வந்ததில் பத்து நாற்பத்தொன்று. எல்லாம் முப்பத்தொன்பது நிமிடம் முன்னால்.

'கடிகாரம் முன்னால ஓடிப்போச்சு, வேற என்ன' என்று நினைத்துக்கொண்டு பன்னிரண்டாம் சீட்டுக்குப் போனார்.

அங்கே ஒரு சின்னப் பெண், நெற்றி நிறையத் தைலம் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டர் கடிகாரம் நொடி பிசகாமல் சரியாக இருந்தது.

"நீ அனுப்புறது ஏதாவது திரும்பி வந்துச்சாம்மா?"

"இல்லையே மேடம். எல்லாம் போகுதே. எட்டே காலுக்கு எனக்குப் போனே வரலை."

அவள் அனுப்பியவற்றின் பட்டியலைப் பார்த்தார். உண்மைதான். எட்டு பதினான்குக்கு எதுவும் இல்லை. பத்து இரண்டுக்கும் இல்லை. அத்தை தன் லேப்டாப்பிலிருந்து சோதனைச் செய்தி ஒன்று அனுப்பினார். ஒழுங்காகப் போய் ஒழுங்காகப் பதில் வந்தது. பன்னிரண்டிலிருந்தே அனுப்பிப் பார்த்தார். அதுவும் போயிற்று. ஏ.சி.யிலிருந்து பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. டொக்… டொக்… மணி ஒன்றரை. கண் எரிந்தது.

அப்போதுதான் அத்தை, களைத்துப்போன எவரும் செய்கிற வேலையைச் செய்தார். காரணத்தைத் தேடுவதை விட்டார். ஐந்து நிமிடம் என்று இருந்ததை அறுபது நிமிடம் என்று மாற்றினார். சர்வீஸை நிறுத்தி, மறுபடி ஏற்றி, எழுந்து ஓடுகிறதா என்று பார்த்தார். ஓடியது. சிவப்பு வரிகள் மறைந்தன. நாற்காலியில் சாய்ந்தார்.

ஒன்று ஐம்பத்திரண்டு. பன்னிரண்டாம் சீட்டிலிருந்து ஒரு செய்தி. அதில் இருந்த நேரம் இரண்டு முப்பத்தொன்று. இந்த முறை சர்வீஸ் ஏற்றுக்கொண்டது. இடம், செங்கல் சூளை வளைவு. மோட்டார் சைக்கிள். ஒரு ஆள். நாலாம் வண்டி கிளம்பிவிட்டது.

அத்தை திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். கீபோர்டைத் தொடவே இல்லை.

பன்னிரண்டு நிமிடத்தில் நாலாம் வண்டி டிரைவர் வயர்லெஸ்ஸில் கத்தினார். "இங்க ஈ காக்கா இல்லை. யாருங்க போன் பண்ணது?"

"தப்பா வந்துடுச்சுண்ணே. திரும்பிடுங்க," என்றாள் பெண்.

"இவ்வளவு தூரம் வந்தாச்சு. அரை மணி நேரம் கண்ணசந்துட்டு வர்றேன். ராத்திரி பூரா ஓட்டம்."

 அவரவர் களைப்பு அவரவருக்கு.

இரண்டு முப்பத்தொன்று… பன்னிரண்டாம் சீட்டில் போன் அடித்தது. எதிர்முனையில் ஒரு லாரிக்காரர் மூச்சு வாங்கப் பேசினார். அந்தப் பெண் கேட்டுக் கேட்டுத் தட்டினாள். தட்டத் தட்ட அவள் விரல் மெதுவாகிக்கொண்டே போயிற்று. அத்தை பின்னால் போய் நின்றார். செங்கல் சூளை வளைவு. மோட்டார் சைக்கிள். ஒரு ஆள். 'சூளை' என்பதை அவசரத்தில் 'சூலை' என்று தட்டியிருந்தாள். அனுப்பினாள். சர்வீஸ் உடனே பதில் சொன்னது… இந்தச் செய்தி ஏற்கெனவே வந்துவிட்டது.

அத்தை லாக்கில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரே பதிவு எண். ஒரே எழுத்து. அதே 'சூலை'.

வயர்லெஸ் கரகரத்தது. டிரைவரின் குரலே மாறியிருந்தது. "பையனைத் தூக்கிட்டேன். முழிச்சுப் பார்க்கிறேன், என் கண்ணு முன்னாடியே சறுக்கி விழுந்தான். ரத்தம் நிறையப் போகுது. ஆனா உசுரு இருக்கு, பொழச்சுக்குவான்." வண்டிக் கதவைச் சாத்தும் சத்தம். பிறகு, "நான் தூங்கிட்டிருந்த இடத்துலேர்ந்து இருபது அடி மேடம். எப்படிங்க முன்னாடியே அனுப்பினீங்க?"

 அத்தை மனதில் வேறொன்று ஓடியது. அந்த மூன்று சிவப்பு வரிகள். அவற்றில் நேரத்தை மட்டும்தான் பார்த்திருந்தார். என்ன எழுதியிருந்தது என்று பார்க்கவே இல்லை.

திறந்தார். எட்டு பதினான்கு. பிரசவ வலி, மாடி வீடு, இரண்டு ஆள். வண்டிகள் போய்வந்த பதிவேட்டை எடுத்தார். எட்டு ஐம்பத்துமூன்றுக்கு அதே மாடி வீட்டிலிருந்து போன் வந்திருந்தது. வண்டி போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதேகால். கடைசிக் கட்டத்தில் யாரோ நீல மையில் எழுதியிருந்தார்கள்… குழந்தை மட்டும்.

பிறகு பழைய கோப்பு. பழைய சர்வீஸ் சத்தமில்லாமல் தள்ளிவிட்ட செய்திகள். மூன்று வருடம். எல்லாம் பன்னிரண்டாம் சீட்டிலிருந்து, எல்லாம் முப்பத்தொன்பது நிமிடம் முன்னால். அத்தை ஒவ்வொன்றாகப் பதிவேட்டில் தேடினார். ஒவ்வொன்றும் இருந்தது. நூறுக்குமேல் தேட முடியவில்லை. கை ஓய்ந்துவிட்டது.

ஆறு மணிக்கு மேனேஜர் பளிச்சென்று குளித்துவிட்டு வந்தார்.

"செவப்பு நின்னுடுச்சு போல? கடிகாரம்தானே?"

"ஆமா சார்," என்றார் அத்தை. வேறு என்ன சொல்வது?

வீட்டுக்குப் போனார். மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், ஜுரம் இறங்கியிருந்தது. அப்படியே செருப்புக் காலோடு அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு அழுதாராம். கணவர் அவர் காலிலிருந்து செருப்பைக் கழற்றி வைத்தார்.

அந்த அறுபது நிமிடத்தை அத்தை மாற்றவில்லை. வண்டிகள் முன்கூட்டியே போய் நின்றன. டிரைவர்களும் கொஞ்ச நாளில் கேள்வி கேட்பதை விட்டுவிட்டார்கள். பன்னிரண்டாம் சீட்டுப் பெண் மட்டும் வேலையை விட்டுப் போனாள். வேறொரு பெண் வந்தாள். செய்திகள் நிற்கவில்லை.

ஒன்பதாம் நாள் திரையில் மறுபடி ஒரு சிவப்பு வரி. பன்னிரண்டாம் சீட். நேரம் பொருந்தவில்லை.

அத்தை இந்த முறை முழுச் செய்தியையும் படித்தார். நேரம் முப்பத்தொன்பது நிமிடம் முன்னால் இல்லை. வேறொரு தேதி. அந்தத் தேதியை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. என் நண்பன் கெஞ்சிக் கேட்டபோது, "ரொம்பத் தள்ளி இல்லடா," என்று மட்டும் சொன்னாராம். இடம் என்ற கட்டம் காலி. என்ன ஆயிற்று என்ற கட்டம் காலி. எத்தனை ஆள் என்ற கட்டத்தில் மட்டும் தொண்ணூற்றொன்பது.

அந்தக் கட்டத்தில் இரண்டு இலக்கத்துக்கு மேல் தட்ட முடியாது. அது அத்தைக்குத் தெரியும்.

இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் அதை நான்கு இலக்கமாக மாற்றி, சர்வீஸை மறுபடி ஏற்றி, சோதித்துவிட்டு, திரைக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அன்றிரவே அதே செய்தி திரும்ப வந்தது. அதே தேதி. இடம் காலி.

ஆள் கணக்கு… ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.

அதற்குமேல் அத்தை அந்தக் கட்டத்தைப் பெரிதாக்கவில்லை.