பல்லில்லாத ஒராள் வேணும்

கண்டி பஸ்ஸில் எனக்கு முன்னால், கட்டுகஸ்தோட்டையில் ஏறிய இரண்டு பெண்கள். பல் வைத்தியம் படிப்பவர்கள். மடியில் வெள்ளைக் கோட்டு, கையில் ஆளுக்கொரு கொய்யாப்பழம்.

“எனக்கு அவசரமா ஒரு பல்லும் இல்லாத ஒராள் வேணும்” என்றாள் யாழ்ப்பாணப் பேச்சுக்காரி.

நான் நாவால் என் பற்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

முழுப் பல்செட் ஒன்று செய்து கையெழுத்து வாங்கினால்தான் அவள் பரீட்சை எழுதலாமாம்.

“ஒனக்கு தெல்தெனியவுல இருந்து வர்ற ஐயா ஒருத்தர் இருந்தாரே?” என்றாள் மலையகத் தோழி.

“செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு வரச் சொல்லிப் போன் பண்ணினனான். ஒன்பதேகால் மட்டும் பார்த்தன், ஆளைக் காணேல்லை. சும்மா நிண்டு என்ன செய்யிறது எண்டு கன்டீனுக்குப் போயிட்டன். நீ என்ன செய்தனீ?”

“கிளினிக்லயே நின்னேன். பக்கத்துக் கதிரையில பல்லு புடுங்குறதப் பாத்துக்கிட்டு.”

“முழு நாளும் அதையே விடுப்புப் பார்த்தனியோ?”

“இல்ல. பத்து மணிக்கு ஒருத்தர் வந்தாரு. பஸ் லேட்டாம். பாடம் எடுக்கிற சேர் சுத்திப் பாத்தாரு, நான் மட்டுந்தான் சும்மா நின்னேன். என்னையே பல்செட்டுக்கு அளவெடுக்கச் சொல்லிட்டாரு.”

“ஆருக்கு?”

“தெல்தெனிய ஐயாவுக்கு.”

கொய்யாப்பழம் கடித்த வாய் அப்படியே நின்றது.

“கோவிக்காத. போன் பண்ணின மிஸ்கிட்ட குடுக்கச் சொல்லி ஒரு பை தந்தாரு. தன்னால கடிக்க ஏலாதாம், நீயாவது கடிக்கணுமாம்.”

“எங்கை அந்தப் பை?”

“கடைசிப் பழத்தத்தான் இப்ப தின்னுக்கிட்டிருக்க.”