வாட்டிய வாழையிலை

பல்லேபொல போகும் பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் நிறுத்தி, எல்லோரையும் இறக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப ஏற்றினார்கள். பஸ் நகர்ந்ததும், எனக்கு முன் இருக்கையில் இருந்த தொப்பிக்காரர் பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார்:

“நேத்து எங்கட சாப்பாட்டுக் கடைய வாழையிலைதான் காப்பாத்திச்சு, தங்கச்சி.”

“என்ன சொல்றீங்க, நானா?” அண்ணனைக் கூப்பிடுவதுபோல் கேட்டாள் அவள்.

“மெல்லிய பொலித்தீன இப்ப தடை செஞ்சிட்டாங்கல்ல? எனக்கிட்ட ஒரு கட்டு மிச்சம் இருந்திச்சு. முடியிற வரைக்கும் அதுலயே சோத்துப் பார்சல் கட்டுவோம்னேன். பொஞ்சாதி கேக்கல்ல. சுடுசோறு பட்டா உருகுது, அதையா மனுசன் திங்கிறதுன்னு சண்ட. அந்தப் பொலித்தீன் கட்டையும் தூக்கி எறிஞ்சிட்டா. விடியவே இலை வெட்டி, நெருப்புல வாட்டி, அதுலதான் கட்டினா. எனக்கு ஒரே கோவம்.”

“அப்புறம்?”

“பகல் சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ. மஹத்தயா, பொலித்தீன் இருக்கான்னு கடைய சோதிக்க வந்துட்டாரு. பார்சல ஒண்ணொண்ணாப் பிரிச்சாரு. எல்லாத்துலயும் இலை!”

“ஒண்ணும் சொல்லலையா?”

“வாசமா இருக்குன்னு சொல்லி, அவருக்கே ரெண்டு வாங்கிட்டுப் போனாரு. அல்ஹம்துலில்லாஹ்.”

அந்தப் பெண் சிரித்தாள். “வீட்டுல அக்காகிட்ட என்ன சொன்னீங்க?”

“இன்னைக்கு விடிய எழும்பி, நானே போய் இலை வெட்டினேன்.”