பின் இடது மூலை

ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது, சார். எல்லோரும் செய்கிற முதல் தப்பு அதுதான். உங்கள் ஸ்டேஷன் டிவியையே பாருங்கள். அதன் கீழே இருக்கிற நீளப் பெட்டியை அலமாரிக்குள் திணித்து வைத்திருக்கிறீர்கள். செய்தி வாசிக்கிற பெண் அண்டாவுக்குள் தலையை விட்டுப் பேசுவது மாதிரி இருக்கிறது. வந்து உட்கார்ந்ததிலிருந்து அது ஒன்றுதான் எனக்கு இங்கே கஷ்டம். மற்றபடி மரியாதையாகத்தான் நடத்துகிறீர்கள், டீகூட வாங்கித் தந்தீர்கள். ஏட்டு சார் டீயை உறிஞ்சுகிற சத்தத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. என் காது அப்படி ஆகிப்போனது, அவர் என்ன செய்வார்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன்.

நான் கத்தாரில் ஒரு பெரிய ஹோட்டலில் சவுண்ட் இன்ஜினீயராக இருந்தவன். விசாவில் எலக்ட்ரீசியன் ஹெல்பர் என்று இருக்கும். விசாவில் என்ன இருக்கும், ஆள் என்ன வேலை செய்வான் என்பது இந்த மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பிறந்தது குளச்சலுக்குப் பக்கத்தில், கடற்கரையில். ஊர் திரும்பியபோது அங்கே வீடு கட்டாமல் இரணியல் பக்கம் உள்ளே வந்து கட்டினேன். வாடை பிடிக்கவில்லை, பழசை மறந்துவிட்டான் என்றெல்லாம் சொந்தக்காரர்கள் பேசினார்கள். மீன் வாடை எனக்குப் பிடிக்காதுதான், மறைப்பானேன். ஆனால் காரணம் கடல். எந்நேரமும் இரைந்துகொண்டே இருக்கிற பொருள் அது. படத்தில் ஒருவன் காதோடு காதாக ஒன்று சொன்னால் கேட்காது. என் வீட்டுப் பக்கம் ஓடுகிற ரயில் என்றால் நேரத்துக்கு வந்து கூவிவிட்டுப் போய்விடும். கடலுக்கு சுவிட்ச் கிடையாது.

ராஜமணி என் அண்ணன். அப்பா போன பிறகு போட்டில் கடலுக்குப் போய் என்னைப் படிக்க வைத்தவர், கத்தாருக்கு அனுப்பியவர். இதை நான் எங்கும் மறைத்ததில்லை. புது வீட்டை மந்திரித்துக் குடிபோன அன்று எல்லோர் முன்னாலும் மைக்கிலேயே சொன்னேன். அன்றைக்கு மைக்கில் எக்கோ அளவாக அமைந்திருந்தது. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பீடியும் எஞ்சின் புகையும் சேர்ந்து அண்ணனின் நுரையீரலைத் தின்றிருந்தன. அண்ணி இல்லை. ஒரே மகள் ஜினி கோட்டயத்தில் நர்ஸ். ஆகவே நான்தான் என்னோடு வைத்துக்கொண்டேன். கீழ்த்தளத்தில் குளியலறையோடு சேர்ந்த அறை ஒன்றுதான், அதை அவருக்குக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் கவனித்தேன், வீட்டிலேயே ஒலிக்கென்று அளவெடுத்தது மாதிரி அமைந்த அறை அதுதான். அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு நீளம். இரண்டு பக்கச் சுவரில் ஜன்னல் கிடையாது. அப்படி அமைவது லேசில்லை, சார்.

அண்ணனின் அறையை நான் பிடுங்கிக்கொண்டதாக அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அது பொய். அண்ணனை அங்கேயே வைத்துக்கொண்டுதான் ஸ்பீக்கர்களை உள்ளே கொண்டுபோனேன். பங்குச் சாமி வந்து பார்த்தவர், படுக்கையில் கிடக்கிற அண்ணனுக்குத் தம்பி தியேட்டரையே கட்டிக் கொடுத்திருக்கிறான் என்று அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் சேர்த்துக்கொண்டார். ஆம்ப்ளிஃபயர் மேல் தீர்த்தம் தெளிக்க வேண்டாம் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். சிரித்துக்கொண்டே தெளித்துவிட்டார். துடைத்துக்கொண்டேன். படித்தவர்களே இப்படித்தான்.

முன் ஸ்பீக்கர்கள் இரண்டும் உட்காருகிற சோபாவும் முக்கோணமாக நிற்க வேண்டும். மெல்லிய சத்தம் தருகிற மேல் குமிழ் காது உயரத்துக்கு வர வேண்டும். பேச்சு வருகிற நடு ஸ்பீக்கர் டிவிக்கு அடியில். பின்னிரண்டும் காதுக்குச் சற்று மேலே, தோளுக்குப் பின்னால். வயரில் சிவப்பு சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு. ஒன்றில் மாற்றிக் கொடுத்தாலும் ஒரு ஸ்பீக்கர் தள்ளுகிறபோது மற்றது இழுக்கும், அடித்தொண்டைச் சத்தம் செத்துப்போகும். இதெல்லாம் யாரும் படித்துத் தெரிந்துகொள்ளலாம். கஷ்டம் வூஃபரில்தான், அடிச்சத்தம் மட்டும் கொடுக்கிற பெட்டி. அதற்கு இடம் கண்டுபிடிக்க ஒரு முறை இருக்கிறது. வூஃபரைத் தூக்கி நாம் உட்காருகிற சோபாவில் வைத்து ஓடவிட்டு, நாம் அறை முழுக்க முட்டுக்குத்தித் தவழ வேண்டும். எந்த இடத்தில் சத்தம் திடமாக, கலங்காமல் காதில் விழுகிறதோ, அதுதான் வூஃபரின் இடம்.

நான் தரையில் காதை வைத்துத் தவழ்வதைப் பார்த்து அண்ணன் கட்டிலில் கிடந்து சிரித்தார்.

"ஏலே கிளீட்டஸ், என்னத்தலே களைஞ்சிட்டு இப்பிடித் தேடுக?"

சிரிப்பு இருமலானது. இருமல் கோழையானது. பக்கத்துக் கோப்பையில் துப்பினார். அந்தச் சத்தத்தை நான் வாயால் சொல்ல மாட்டேன். குளோரி, என் மனைவி, அந்தக் கோப்பையைக் கையால் எடுத்துக் கழுவுவாள். நான் அந்நேரம் வெளியே போய்விடுவேன்.

வூஃபருக்கு நல்ல இடம் பின் இடது மூலையில், அண்ணனின் தலைமாட்டில் அமைந்தது. அங்கே ஏற்கெனவே அவருடைய ஆக்ஸிஜன் மெஷின் இருந்தது, காற்றிலிருந்து பிரித்து மூக்குக் குழாயில் கொடுக்கிற மெஷின். ஜினி வாங்கி அனுப்பியது. அதைக் கொஞ்சம் தள்ளி வைத்து வூஃபரை வைத்தேன். பிறகு நான் கேட்ட ஒலி இருக்கிறதே, சார், கத்தாரில்கூடக் கேட்டதில்லை. மூலையில் கட்டிக் குமுறுகிற சத்தத்தை ஏதோ ஒன்று உறிஞ்சிக் குடித்தது. அது எது என்று எனக்குப் பிடிபடவில்லை.

அண்ணனை ஒருமுறை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதுதான் பிடிபட்டது. அவர் இல்லாத அறையில் குமுறல் திரும்ப வந்துவிட்டது. அவருக்கு முதுகுப் புண் வராமலிருக்க ஒரு தண்ணீர் மெத்தை போட்டிருந்தோம். அதுவும் அதன் மேல் கிடக்கிற ஆளும்தான் அத்தனை நாளும் சத்தத்தை வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். காலி மெத்தை போதவில்லை. அரிசி மூட்டைகளை அடுக்கிப் பார்த்தேன். அண்ணனுக்கு ஈடாகவில்லை.

டாக்டர் இன்னும் சில நாள் இருக்கட்டும் என்றார். வீட்டில் பார்த்துக்கொள்கிறோம் என்று நான் கையெழுத்துப் போட்டுக் கூட்டிவந்தேன். தம்பி என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று அந்த வார்டில் பேசிக்கொண்டார்கள்.

அதன் பிறகு ஜினி போனில் அழ ஆரம்பித்தாள். அப்பா கட்டில் அதிருதுன்னு சொல்லுகாரு, நெஞ்சு படபடக்குதுன்னு சொல்லுகாரு, கடற்கரையில் எங்கம்மாவின் அக்கா வீட்டில் கொண்டு விடுங்க சித்தப்பா, அங்கே கடல் காற்றாவது கிடைக்கும் என்றாள். குளோரியும் அவள் பக்கம் சேர்ந்துகொண்டாள். நான் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். நோயாளியை இடம் மாற்றுவது ஆபத்து. உப்புக் காற்று மெஷினுக்கு ஆகாது. ரத்த உறவு இருக்கும்போது அடுத்தவர் வீட்டில் விடுவது எனக்குக் கேவலம். ஒன்றும் பொய்யில்லை. பொய்யில்லாத காரணங்கள் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும், சார், தேடினால்.

அண்ணன் என்னிடம் நேராகக் கேட்டது ஒரே தடவை.

"மக்கா, இதக் கொஞ்சம் கொறச்சி வையேன். எனக்க நெஞ்சுக்குள்ள யாரோ நின்னு காலால சவிட்டுகது மாதிரி இருக்கு."

இது சாதாரணச் சத்தமில்லை, இதன் அருமை போகப் போகத் தெரியும் என்றேன். அதற்கு அவர் சொன்னது:

"இதுக்கு நம்ம கோயில் திருவிழா மைக் செட்டு தேவலாம்லே. அவன்கிட்ட சொன்னா ஒரு நேரமாவது நிறுத்துவான்."

மைக் செட். தென்னை மரத்தில் குழாயைக் கட்டி ஊரையே பேதியாக்குகிற மைக் செட். நான் கோபப்படவில்லை. அறியாதவர் பேச்சு என்று விட்டுவிட்டேன். அன்று குளோரி சாப்பாடு போட்டபோது எனக்கு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

இனி பொன்னுலிங்கம். நாகர்கோவில்காரர். நாங்கள் கொஞ்சம் பேர் ஒலி ரசிகர்கள் என்று ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம், அதற்கு அவர்தான் தலைவர். யார் வீட்டு செட்டையும் ஒரு வார்த்தையில் குப்பையாக்கிவிடுவார். அவர் முதல்முறை வந்தபோது மூக்கைச் சுளித்தார், அறையில் டெட்டாலும் மூத்திரமும் கலந்த வாடை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். படம் ஓடும்போது கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"அண்ணாச்சி, பின்னால என்னமோ இரையுது. கிரைண்டர் ஓடுதா?"

ஆக்ஸிஜன் மெஷின். அதன் கம்ப்ரஸர் இரைந்துகொண்டே இருக்கும், நடுவில் புஸ் என்று ஒரு பெருமூச்சு விடும். எனக்கு அது தெரியாமலில்லை. அவர் வாயால் கேட்டபோது முகத்தில் அறைந்தது மாதிரி இருந்தது. அன்று குழுவில் அவர் எழுதினார்: செட் பரவாயில்லை, அறை ஆஸ்பத்திரி. பதினெட்டுப் பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள்.

அடுத்த முறை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமாகப் பார்த்து அழைத்தேன். குளோரி தெருவார் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்துக்குப் போய்விடுவாள், ஜெபமாலை முடிந்து காப்பி குடித்து வர நேரமாகும். மூலைக்குக் கனத்த கறுப்புத் திரை தைத்துப் போட்டிருந்தேன். அண்ணனை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டேன் என்று பொன்னுலிங்கத்திடமும் அவரோடு வந்த இருவரிடமும் சொன்னேன். அண்ணன் திரைக்குப் பின்னால் கட்டிலில்தான் இருந்தார். அவர் இல்லாவிட்டால் மூலை குமுறுமே.

அவர்கள் வருவதற்கு முன்னால் உள்ளே போனேன். அண்ணன் கண்ணை மூடியிருந்தார். மெஷினின் பிளக்கைப் பிடுங்கினால் கரண்ட் போய்விட்டதென்று அது அலறும். ஆகவே முதலில் அதன் சுவிட்சை அணைத்து, பிறகு பிளக்கை எடுத்தேன். அந்த பாயிண்டில், அதுவரை எக்ஸ்டென்ஷன் வயரில் ஓடிய வூஃபரின் பிளக்கைச் செருகினேன். அண்ணன் கண்ணைத் திறந்தார்.

"என்னலே மக்கா, கரண்டு போச்சா?"

ஆமாம், இப்போது வந்துவிடும், பேசாமல் படுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் தலையாட்டினார். நான் சொன்னால் அவர் நம்புவார். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

பாத்ரூமுக்குக் கொண்டுபோகும்போது குழாயைக் கழற்றத்தானே செய்கிறோம். அதே மாதிரிதான் என்று நினைத்தேன். அப்படித்தான் உங்கள் எழுத்தரிடமும் சொன்னேன். பாத்ரூமுக்குப் போய்வருகிற நேரமும் ஒரு படத்தின் நேரமும் ஒன்றா என்று அவர் கேட்டார். புத்திசாலிப் பையன்.

நான் போட்டது புயல் காட்சி. நடுக்கடலில் ஒரு மரக்கலம் உடைகிறது. காற்று முன்னாலிருந்து கிளம்பி இடப்பக்கமாகச் சுற்றிப் பின்னால் போகும், பாய் கிழியும், பிறகு எல்லாம் அடங்கி ஒரு கணம் வெறும் அமைதி. அந்த அமைதிதான் சோதனை. இரைச்சல் இருந்தால் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். அன்று அறையில் ஈ பறக்கிற சத்தம்கூட இல்லை. அந்த அமைதியில் பின் இடது மூலையிலிருந்து ஒரு மூச்சு வந்தது. நீண்டு, இழுபட்டு, தண்ணீருக்குள் கிடக்கிறவன் வாயைத் திறந்தது மாதிரி. பிறகு இன்னொன்று.

பொன்னுலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார். கையை நீட்டி மயிர் சிலிர்த்திருப்பதைக் காட்டினார்.

"அண்ணாச்சி, அந்த மூச்சு எனக்கப் பிடரியில வந்து படுது வேய். இதுக்கு மேல ஒரு சவுண்டு கிடையாது."

அந்தக் காட்சியை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதில் மூச்சுச் சத்தம் கிடையாது, சார். அந்த இடத்தில் எதுவுமே கிடையாது. அது யாருடைய மூச்சு என்று எனக்கு முதல் இழுப்பிலேயே தெரியும். நான் எழுந்து நாலு எட்டு வைத்து ஒரு பிளக்கை மாற்றிச் செருகியிருக்கலாம். நான் சொன்னது, "அதான் பின் இடது ஸ்பீக்கர்."

ஒன்ஸ் மோர் என்றார். பின்னால் ஓட்டி மறுபடி போட்டேன். காற்று சுற்றியது, பாய் கிழிந்தது, அமைதி வந்தது. அமைதி மட்டும்தான் வந்தது.

"இப்ப அது இல்லியே அண்ணாச்சி?"

வயர் லூஸாகியிருக்கும் என்று சொல்லி எழுந்து போனேன். திரைக்குள் நுழைந்து போன் வெளிச்சத்தில் பார்த்தேன். சிவப்பு சிவப்பில், கறுப்பு கறுப்பில், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அண்ணனின் கை கட்டிலுக்கு வெளியே மெஷினை நோக்கி நீண்டு கிடந்தது. வாய் திறந்து, கடைவாயில் கோழை வழிந்திருந்தது. அந்த அருவருப்பிலும் கையை எடுத்து உள்ளே வைத்துப் போர்வையை இழுத்து மூடினேன். திரும்பி வந்து மிச்சப் படத்தையும் போட்டேன். வந்தவர்களைப் பாதியில் அனுப்புவது முறையில்லை. அவர்கள் போன பிறகு வூஃபரின் பிளக்கை எடுத்துவிட்டு மெஷினைச் செருகி ஓடவிட்டேன். குளோரி வரும்போது அது இரைந்துகொண்டுதான் இருந்தது.

சாவு வீட்டுக்கு வந்த பொன்னுலிங்கம் திரைக்குப் பின்னால் கட்டில் பழைய இடத்திலேயே கிடப்பதைப் பார்த்துவிட்டு நேரே உங்களிடம் வந்திருக்கிறார். ஒரு மனிதன் சாகிற சத்தத்தைக் கேட்டேன் என்று அவர் எழுதிக் கொடுத்ததைப் படித்துக் காட்டினீர்கள். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை, அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அரைகுறையாகச் சொல்லியிருக்கிறார். அந்த அறையில் உட்கார்ந்து, மூன்று பேர் முன்னால், இதற்கு மேல் ஒரு சவுண்டு கிடையாது என்று தன் வாயால் சொன்னாரே, சார், அது அதில் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.