இரத்தம் ஏற்றுமுன் எடுத்த சிறு குழாய்

மாத்தளை மாவட்டம். 2008 நவம்பர் 14, வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் பின். முறைப்பாட்டைத் தமிழில் பதிவு செய்தவர்: பொலிஸ் கொஸ்தாபல் அப்துல் ஸமத்.

என் மனைவி ஸுபைதாவின் உடம்பில் மற்றவர்களுடைய இரத்தத்தை ஏற்றிவிட்டு, அதே இரத்தத்தைச் சோதித்து, அவளுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இல்லை என்று ஒரு வைத்தியர் தீர்மானித்தார். அந்தத் தீர்மானத்தால் அவள் இன்று காலை இறந்தாள். பெயரும் வயதும் விலாசமும் முதலில் வர வேண்டும் என்று கொஸ்தாபல் சொன்னார். நடந்த பிழை முதலில் வர வேண்டும் என்று நான் சொன்னேன். ஆகவே இந்த ஒழுங்கில் எழுதப்படுகிறது.

எனது பெயர் முஹம்மது ஹனீபா இத்ரூஸ். வயது அறுபத்தொன்பது. அலுவிகாரையில் பிரதான வீதியோரம் வசிக்கிறேன். மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்பது தொழில். ஐந்தாம் வகுப்போடு பாடசாலை நின்றது; மிச்சம் நானாகப் படித்தது. சிங்களம் பேசுவேன், வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரியாத ஒன்றில் ஒப்பம் வைக்க மாட்டேன் என்று சார்ஜன்டிடம் சொன்னதால், வீதித்தடைக் கடமையிலிருந்த அப்துல் ஸமத் வரும்வரை பொலிஸ் நிலைய வாங்கில் உட்கார வைக்கப்பட்டேன்.

என் மனைவிக்கு வயது அறுபத்திரண்டு. சென்ற வருடம் அவளுக்கு மார்பில் புற்றுநோய் கண்டு கண்டியில் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. அதன் பின் நோய் எலும்புக்குப் பரவியது. இந்த வருடம் நோன்புக்கு முன்பிருந்து, வலிக்கும் வீக்கத்துக்குமாக ஸ்டீரொய்ட் குளிசை கொடுக்கப்பட்டு வந்தது. அதன் பின் தாகம் கூடியது. தண்ணீர்க் குடத்தைத் தலைமாட்டிலேயே வைக்கச் சொன்னாள். உடம்பு மெலிந்தது. புற்றுநோயென்றால் மெலிவு இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அதன் பின், சென்ற வெள்ளிக்கிழமை அவள் கிணற்றடியில் விழுந்ததால், நகரத்திலுள்ள தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தேன். அதன் பெயரையும் வைத்தியரின் பெயரையும் தனியே சொல்லியிருக்கிறேன். இரத்தம் மிகவும் குறைந்திருக்கிறது என்று சொல்லி, பொருத்தம் பார்ப்பதற்காக அவள் கையிலிருந்து ஒரு சிறு குழாயில் இரத்தம் எடுத்தார்கள். அதன் பின் சனிக்கிழமை மூன்று பைன்ட் இரத்தம் ஏற்றினார்கள். விகாரையொன்றில் நடந்த இரத்ததான முகாமில் சேர்த்த இரத்தம் அது என்று தாதி மார்ஜரி சொன்னார். கொடுத்தவர்களுக்கு அல்லாஹ் நல்லது செய்யட்டும். அவர்கள் மேல் எனக்கு முறைப்பாடு இல்லை. அன்று பின்னேரம் அவள் முகம் தெளிந்தது. மார்ஜரியைப் பார்த்து, "மிஸ், அடுத்த பௌர்ணமிப் போயாவுக்கு நான் வெள்ள உடுத்திக்கிட்டு விகாரைக்குப் போறேன்னு நின்னா நீங்கதான் பொறுப்பு" என்று சொன்னாள். மார்ஜரி, "அதுக்கென்ன, நானும் துணைக்கு வாறேன் உம்மா" என்றார்.

அதன் பின் செவ்வாய்க்கிழமை தாகம் முன்னையிலும் கூடியது. என் கூடப்பிறந்த மூத்த நானா சீனி வருத்தத்தில் இறந்தவர் என்பதால் அந்தத் தாகத்தை அறிவேன். சீனி பார்க்கும்படி வைத்தியரிடம் கேட்டேன். விரலில் குத்திப் பார்ப்பது அந்த நேரத்தை மட்டுமே காட்டும் என்றும், தம்மிடம் மூன்று மாதத்தை ஒரேயடியாகக் காட்டும் சோதனை இருக்கிறது என்றும் சொல்லி, அதைச் செய்வித்தார். புதன்கிழமை, அளவு சாதாரணம் என்று பெறுபேறு வந்தது. "பாத்தீங்களா முதலாளி, மூணு மாசமா சீனி இல்ல. நீங்க மிளகப் பாருங்க, நான் நோயாளியப் பாக்குறேன்" என்றார். "சேர், விரல்லயும் ஒருக்காக் குத்திப் பாப்பமா?" என்று மார்ஜரி கேட்டது என் காதில் விழுந்தது. தேவையில்லை என்று வைத்தியர் சொன்னார். அவள் சாப்பிடாததால் சீனி கலந்த சேலைன் ஏற்றச் சொன்னார். குளிசையும் நிற்கவில்லை.

அதன் பின் வியாழக்கிழமை அவளுக்குப் பேச்சுக் குழறியது. என்னைத் தன் வாப்பா என்று நினைத்துப் பேசினாள். புற்றுநோய் மூளைக்குப் போய்விட்டது, வீட்டுக்குக் கொண்டுபோவதுதான் நல்லது என்று வைத்தியர் சொன்னார். இன்று விடிந்ததும் நானும் என் மருமகன் றஹீமும் அவளை முச்சக்கர வண்டியில் ஏற்றி, வீட்டுக்குப் போகாமல் அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். வழியில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். அவளால் இறங்க முடியாது என்றோம். அடையாள அட்டையில் இருக்கும் முகம் இதுவல்ல என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் பிழை இல்லை, அவ்வளவு மெலிந்திருந்தாள். றஹீம் அவள் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டிய பின் விட்டார்கள்.

அதன் பின் வைத்தியசாலையில் ஒரு பெண் வைத்தியர் உடனே விரலில் குத்திப் பார்த்தார். கருவி இலக்கம் எதையும் காட்டவில்லை. தன்னால் அளக்கக்கூடியதற்கு மேல் என்று மட்டும் காட்டியது. இன்சுலின் ஏற்றினார்கள். அவள் கண் திறக்கவில்லை. சிறிது நேரத்தில் இறந்துவிட்டாள்.

அதன் பின் நான் தனியார் மருத்துவமனையின் பெறுபேற்றைக் காட்டி, இது எப்படி என்று கேட்டேன். அந்தப் பெண் வைத்தியர் வாசித்துவிட்டு, "ரத்தம் ஏத்தினது இதுக்கு முந்தியா, பிந்தியா, ஐயா?" என்று கேட்டார். முந்தி என்றேன். அதன் பின் அவர் விளங்கப்படுத்தியதாவது: இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் புரதத்தில் சீனி ஒட்டும், ஒட்டியது அந்த இரத்த அணு அழியும்வரை கழலாது, எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்துத்தான் மூன்று மாதக் கணக்கைச் சொல்கிறார்கள். இரத்தம் ஏற்றியவரில் பார்த்தால், கொடுத்தவர்களுடைய கணக்கும் அதில் கலந்துவிடும். ஸ்டீரொய்ட் குளிசை சீனியை ஏற்றக்கூடியது; புற்றுநோயால் இரத்தம் குறைந்தவர்களில் இந்தச் சோதனையை மட்டும் நம்பக் கூடாது. ஈர மிளகு மூட்டையில் வேறொருவருடைய காய்ந்த மிளகைக் கொட்டிவிட்டு ஈரம் பார்ப்பது போலவா என்று கேட்டேன். ஓம் என்றார்.

அதன் பின் நான் தனியார் வைத்தியருக்குத் தொலைபேசியில் பேசினேன். சாகும் தறுவாயில் சீனி ஒரே நாளில் ஏறும், முன்பே இருந்தது என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டு வைத்துவிட்டார். பெண் வைத்தியரிடம் அதையே கேட்டேன். பொருத்தம் பார்க்க எடுத்த குழாயை தனியார் மருத்துவமனைக் குளிர்ப்பெட்டியில், இரத்தம் ஏற்றிய பின் ஒரு கிழமை வைத்திருப்பார்கள் என்றும், அவளுடைய இரத்தம் கலப்பில்லாமல் இருப்பது அந்தக் குழாயில் மட்டும்தான் என்றும், அதைச் சோதிக்கலாம் என்றும் சொன்னார். அந்தக் கிழமை நாளையோடு முடிகிறது. அங்கே போனேன். பொலிஸ் கேட்டால் தவிர யாருக்கும் தர முடியாது என்றார்கள். ஆகவே இங்கே வந்தேன்.

சார்ஜன்ட் சிங்களத்தில் சொன்னது: "முதலாளி, குண்டப் புடிக்கச் சொல்றாங்க, ஆளப் புடிக்கச் சொல்றாங்க, புடிக்கிறோம். ஐஸ் பெட்டியில கிடக்குற ரத்தத்த எந்தச் சட்டத்துல புடிக்கிறது?" மரணத்தில் சந்தேகம் இல்லை என்று எழுதினால் ஜனாஸாவை அடக்கத்துக்கு இப்போதே தரலாம், சந்தேகம் என்று எழுதினால் பிரேத பரிசோதனை, சட்ட வைத்திய அதிகாரி திங்கட்கிழமைதான் வருவார் என்றார். றஹீம் என் கையைப் பிடித்து, "மாமா, குளிப்பாட்டத் தண்ணி சுட வச்சிட்டுப் பொம்புளைங்க காத்துக்கிட்டு இருக்காங்க. மய்யித்த வச்சிக்கிட்டு வழக்குப் பேச ஏலாது. சந்தேகமில்லன்னு சொல்லிட்டு வாங்க" என்றார். எனக்குச் சந்தேகம் இல்லை, நடந்தது எனக்குத் தெரியும் என்றேன். அப்படி எழுத இடமில்லை என்று சார்ஜன்ட் சொன்னார்.

ஆகவே செய்ய வேண்டியவை. சார்ஜன்ட் இன்றே அந்த மருத்துவமனைக்குப் போய், குழாயை முத்திரையிட்டு, குளிர் குறையாமல் வேறு ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். அதுவரை அதை எறியாமல் வைத்திருப்பது மருத்துவமனைப் பொறுப்பாளரின் கடமை. எறிந்தால் எறிந்தவர் யார் என்று அவர் சொல்ல வேண்டும். மார்ஜரியை விசாரிக்கும்போது அந்த வைத்தியர் பக்கத்தில் இருக்கக் கூடாது. இதனால் மார்ஜரியின் வேலை போகவும் கூடாது. இரத்தம் ஏற்றியது தெரிந்தும் அந்தச் சோதனையை ஏன் செய்தார் என்பதற்கு வைத்தியர் எழுத்தில் பதில் தர வேண்டும். அந்த மருத்துவமனை விடுதியில் இன்றும் புற்றுநோய்க்காரர்கள் இருக்கிறார்கள். இரத்தம் ஏற்றிய ஒவ்வொருவருக்கும் இன்றைக்கே விரலில் குத்திப் பார்க்க வேண்டும். பள்ளிவாசலில் ஜனாஸாத் தொழுகை பிந்தும் என்று றஹீம் அறிவிக்க வேண்டும். என் மகள் தண்ணீரை ஆறவிட வேண்டும். குழாயைக் கைப்பற்றுவதற்கு என் மனைவியைப் பரிசோதனைக்காக வெட்டுவது தேவையா என்பதைத் திடீர் மரண விசாரணை அதிகாரி தீர்மானிக்க வேண்டும். வெட்டுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விட்டுவிடுங்கள் என்று சொல்லவும் வரவில்லை. இரண்டில் ஒன்றை அவர் சொல்ல வேண்டும், தமிழில் எழுதி, தன் ஒப்பத்தோடு தர வேண்டும். அது வரும்வரை நான் இந்த வாங்கில் இருப்பேன்.

மேலே உள்ளது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நான் சொன்னதில் எதுவும் கூட்டப்படவில்லை, குறைக்கப்படவில்லை. சொன்னது முழுவதும் உண்மை.

(ஒப்பம்) மு. ஹ. இத்ரூஸ்