மூன்று விடைத்தாள்களில் ஒரே பிழை
ஹார்லன் பெண்ட் மாநிலப் பல்கலைக்கழக மாணவர் உதவி மையத்தின் தலைவர் வெர்லீன் டட்சன் அம்மையாருக்குப் பணிநிறைவு நாளில் வாசித்தளித்த மடல்

கலங்கி வந்தவர்க்குக் கதவாய் நின்றவரே, கற்க வந்தவர்க்குக் கரையாய் நின்றவரே, எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருங்கே உரிய வெர்லீன் அம்மையார் அவர்களே,

இந்த மடலை எழுத வேண்டியவன் என்னோடு இரட்டையாகப் பிறந்த லூசியன். "வெர்லீனுக்கு நான்தான் எழுதுவேன். நீ எழுதினா அவளை அநியாயத்துக்குப் புகழ்ந்துடுவ" என்று சொல்லிக்கொண்டிருந்தான். சென்ற சனவரியில் அவனை நியூ கீலேயாத் சபையின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தோம். ஆகவே மையத்தின் ஊழியர்கள் சார்பில் அவன் சகோதரி ஒடெட் புரூவிட் ஆகிய நான் நினைவிலிருந்து எழுதுகிறேன். ஆயுள் முழுக்க 'நீ' என்று அழைத்தவளை இன்று ஒருநாள் 'நீங்கள்' என்கிறேன். அவை மரியாதைக்காகப் பொறுத்தருள வேண்டும்.

கறுப்பினப் பிள்ளைகளான நாம் மூவரும் ஒரே ஊர், ஒரே சபை, ஒரே பள்ளி. மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறோம் என்றதும் பள்ளியின் வெள்ளைக்கார ஆலோசகர், "அது பெரிய இடம்மா. உங்க இனத்துப் பிள்ளைங்க அங்க தாக்குப் பிடிக்கிறதில்ல" என்றார். "உங்க பிள்ளைங்க தாக்குப் பிடிக்கிறாங்களே சார், அவங்களுக்குத் தனியா ஏதாவது சாப்பாடு போடுறீங்களா?" என்று நீங்கள் கேட்டீர்கள். அந்த வாய்தான் நம்மை இங்கே கொண்டுவந்து சேர்த்தது.

சேர்ந்தபின் அந்த வாய் அடைத்துப்போனது. ஞாயிறுதோறும் நியூ கீலேயாத்தில் நம் பெயர்களை உரக்க வாசித்து, சபை எழுந்து நின்று வேண்டிக்கொள்ளும். பெயர் வாசிக்கப்பட்ட பிள்ளை தோற்று வீடு திரும்ப முடியாது. வெள்ளைக்காரப் பிள்ளைகளைவிட இரட்டிப்பாய் உழைக்க வேண்டும், தெரியவில்லை என்று யாரிடமும் காட்டிக்கொள்ளக் கூடாது என்று வளர்க்கப்பட்டோம். ஆகவே மூவரும் தத்தம் அறையைப் பூட்டிக்கொண்டு தனித்தனியே படித்தோம். முதல் வேதியியல் தேர்வில் தனித்தனியே தோற்றோம். பிறகு உணவுக்கூடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, நன்றாக எழுதியதாகப் பொய் சொன்னோம். முதலில் முள்கரண்டியைக் கீழே வைத்தது நீங்கள்தான்.

"எனக்கு முப்பத்தொண்ணு. நூத்துக்கு. இப்ப நீங்க சொல்லுங்க."

லூசியன் சிரித்தான், பிறகு சிரிப்பு நின்றது. அவனுக்கும் எனக்கும் அதைவிடப் பெரிதாக ஒன்றுமில்லை.

அன்றுமுதல் நூலகத்தின் அடித்தளத்தில் ஒரு காலி அறையில் கரும்பலகையின் முன் கூடினோம். படித்தோம் என்பதைவிடச் சண்டை போட்டோம் என்பதே பொருந்தும். லூசியன் ஒவ்வொரு கணக்கையும் பெட்டி பெட்டியாகக் கோடு போட்டுச் செய்வான். நாமும் அப்படியே பழகினோம். அடுத்த தேர்வில் மூவரும் மதிப்பெண்ணில் வகுப்பின் முன்வரிசைக்கு வந்தோம்.

மறுவாரமே நன்னடத்தைக் குழு நம்மை அழைத்தது. மூன்று விடைத்தாள்களிலும் ஒரே பெட்டிகள். நான்காம் கணக்கில் ஒரே பிழை. பார்த்து எழுதியது உறுதியானால் மூவருக்கும் வெளியேற்றம். நீண்ட மேசைக்கு அப்பால் அமர்ந்திருந்தவர்களில் நம் நிறத்தவர் ஒருவரும் இல்லை. தலைவர் இரைந்து பேசவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"எழுதினது யாரு, பார்த்து எழுதினது யாருன்னு சொல்லிடுங்க. எல்லாரும் போகணும்னு அவசியமில்ல."

என் பக்கத்து நாற்காலி நகர்ந்தது. லூசியன் எழுந்துவிட்டான். குற்றத்தைத் தன்மேல் போட்டுக்கொள்ளப் போகிறான் என்பது எனக்குத் தெரிந்தது.

"உக்காருடா," என்றீர்கள். "உன் பொய்ய வச்சு நான் பட்டம் வாங்க மாட்டேன்." பிறகு மேசைப் பக்கம் திரும்பி, "ஐயா, புதுசா ஒரு கணக்கு குடுங்க. நான் போட்டுக் காட்டுறேன். மூணு பேர்ல நான்தான் மட்டம். எனக்குத் தெரிஞ்சா இவங்களுக்கும் தெரியும்."

வேதியியல் பேராசிரியர் கரும்பலகையில் கணக்கை எழுதினார். மற்ற இருவரும் வாய் திறக்கக் கூடாது என்று தலைவர் எச்சரித்தார். நீங்கள் பெட்டிகளை வரைந்தீர்கள், நிரப்பினீர்கள், பாதியில் நின்றீர்கள். சுண்ணக்கட்டி பலகையைத் தொட்டபடி அசையாமல் இருந்தது. விடுபட்டது எது என்று எனக்குத் தெரியும். சொன்னால் மூவரும் தொலைந்தோம்.

"பதறாம வாம்மா," என்றது லூசியனின் குரல். "மெதுவா வா."

தலைவர் மேசையைத் தட்டினார். நீங்கள் திரும்பிப் பார்க்காமலே, "அவன் விடை சொல்லல ஐயா. எங்க சபையில போதகர் தடுமாறினா உக்காந்திருக்கிறவங்க இப்படித்தான் சொல்வாங்க. நாங்க படிக்கிறதும் அப்படித்தான். ஒருத்தர் பலகையில நிப்பாங்க, ரெண்டு பேர் கத்துவாங்க" என்றீர்கள். சொல்லிக்கொண்டே விடுபட்ட பெட்டியை வரைந்து, கணக்கை முடித்தீர்கள். பிறகு கேட்காமலே தேர்வின் நான்காம் கணக்கையும் பக்கத்தில் எழுதினீர்கள்.

"இந்த இடத்துலதான் மூணு பேரும் தப்பு பண்ணினோம். இதுக்குப் பெரிய சண்டையே நடந்துச்சு. லூசியனுக்குத் தொண்டை பெருசு, அவன் சொன்னதே நின்னுடுச்சு. ஒடெட் சொன்னதுதான் சரின்னு இப்பத் தெரியுது."

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல," என்றேன் நான், எச்சரிக்கையை மறந்து. பேராசிரியர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். சிரிக்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரமாயிற்று.

குற்றமற்றவர்கள் என்று குழு சொல்லவில்லை. குற்றம் உறுதிப்படவில்லை என்று மட்டும் சொன்னது. அடுத்த தேர்வில் நம்மை மூன்று மூலைகளில் உட்காரவைத்தார்கள். உங்கள் மதிப்பெண் என்னுடையதைத் தாண்டியது அந்தத் தேர்வில்தான். நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அம்மையீர், அந்த அடித்தள அறையே பின்னாளில் இந்த மையமாயிற்று. பூட்டிய அறைகளில் தனித்துத் தேய்ந்த பிள்ளைகளை நீங்கள் விடுதி விடுதியாகப் போய் அழைத்துவந்தீர்கள். முதல் நாளே உங்கள் முப்பத்தொன்றை அறிவித்து, "இதுக்குக் கீழ யாரு? அவங்க முன்னால வாங்க" என்று அதட்டினீர்கள். இரைச்சல் பொறுக்காமல் நூலகத்தார் முறையிட்டபோதெல்லாம் வருத்தம் தெரிவித்துவிட்டுக் கதவை இன்னும் அகலத் திறந்தீர்கள். மருத்துவர்களும் பொறியாளர்களும் ஆசிரியர்களும் அந்த இரைச்சலிலிருந்து எழுந்து போனார்கள். உங்களுக்குப் பொறுமை குறைவு; கூட்டங்களில் உங்கள் பக்கத்தில் உட்கார அஞ்சியவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். நன்னடத்தைக் குழுவிலும் ஓர் இருக்கையைப் போராடிப் பெற்றீர்கள். நீங்கள் அமர்ந்த நாள்தொட்டு, எப்படிப் படித்தாய் என்று கேளாமல் எந்தப் பிள்ளையையும் அங்கே தீர்ப்புக்கு உள்ளாக்கியதில்லை.

அந்த இருக்கை இப்போது எனக்கு. வரும் புதன்கிழமை இரண்டு பிள்ளைகள் வருகிறார்கள். ஒன்றுபோல் எழுதிய விடைத்தாள்கள். உண்மையிலேயே பார்த்து எழுதினார்களா, கூடிப் படித்தார்களா, எனக்குத் தெரியாது. நேற்று உங்களிடம் கேட்டேன். "எனக்கும் தெரியாது. நீ போய்க் கேளு. அவங்க சொல்றத முழுசாக் கேட்டு முடிக்கிறவரைக்கும் யாரையும் எழுந்திரிக்க விடாதே" என்றீர்கள்.

நலமும் வளமும் நிறைந்து, பூட்டாத கதவும் ஓயாத பேச்சும் உடைய இல்லத்தில் நெடுங்காலம் வாழ்வீராக. புதன்கிழமை மாலை உங்கள் தொலைபேசியை மட்டும் அணைத்துவிடாதீர்கள்.

என்றும் அன்புடன்,
மாணவர் உதவி மையத்தின் ஊழியர்கள்